தராசுக்கு வந்த நடுக்கம்

வீட்டில் செய்த டிஜிட்டல் தராசுக்குச் சும்மா இருக்கவே தெரியாது. தட்டு காலியாக இருந்தாலும் 3 கிராம், மைனஸ் 2 கிராம் என்று ஏதாவது சொல்லிக்கொண்டே இருக்கும்.

சிக்னலை எண்ணாக மாற்றும் எச்எக்ஸ்711 சிப்புக்கு 24 பிட், அதாவது 1 கோடியே 67 லட்சம் படிகள் என்று ஜம்பம். முழுப் பாரம் சுமந்தாலும் எடையை உணரும் லோடு செல் தருவதோ சில மில்லிவோல்ட்தான். தளர்ந்த ஜம்பர் வயர், மட்டமான சார்ஜர், தலைக்கு மேல் ஃபேன் எல்லாம் அதில் பங்கு கேட்கும்.

நம்மவர்களின் முதல் வைத்தியம் சராசரி. பத்து அளவு போதவில்லையா, நூறுக்குப் போடு! சிப் பொதுவாக நொடிக்கு 10 அளவு எடுக்கும். தக்காளியை வைத்துவிட்டு 10 நொடி தவம் கிடக்கலாம். அப்போதும் நடுக்கம்தான் குறையும். சூட்டில் நகரும் பூஜ்யம் நகர்ந்துகொண்டேதான் இருக்கும்.

வயரைச் சால்டர் செய்யலாம். வாஷர் கொடுத்து, லோடு செல் வளைய இடம் விடலாம். ஆனால் அதற்கு ஸ்க்ரூடிரைவர் எடுக்க வேண்டுமே! புரோகிராம் கோடில் ஒரு வரி சேர்ப்பது சுலபம்.

கடைக்காரர் தராசில் 20 கிராம் குறைந்தால் மோசடி; நம் தராசில் குறைந்தால் கேலிபிரேஷன்.