ஐந்தாவதாக ஒரு மகள்

அம்மாவின் டிரை வெயிட், அதாவது உபரித் தண்ணீர் நீக்கிய எடை, 52.5 கிலோ. போன மாதப் பொட்டாசியம் 5.4. ஹீமோகுளோபின் 9.1. நாளொன்றுக்கு ஒரு லிட்டர் தண்ணீர்தான். ரசமும் காப்பியும் அதில் அடக்கம். நடு ராத்திரியில் எழுப்பிக் கேட்டாலும் தடுமாறாமல் சொல்வேன். மகள் இரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு என்று கேட்டால் மட்டும் சற்று யோசிக்க வேண்டும். 'பி'யாகத்தான் இருக்கும்.

அம்மாவுக்குச் சிறுநீரகம் பழுது. வாரத்துக்கு மூன்று டயாலிசிஸ், ஒவ்வொன்றும் நாலு மணி நேரம். மனைவிக்கோ திருநெல்வேலிக்கு மாற்றல். சனிக்கிழமை ராத்திரி திருச்சிக்கு வந்து ஞாயிறு ராத்திரி பஸ் ஏறுகிறாள். மற்ற நாளெல்லாம் என் ராஜ்ஜியம்.

அன்று சமையல் மேடையில் இரண்டு எவர்சில்வர் டப்பா. ஒன்றில் அம்மாவுக்கு, வேகவைத்த தண்ணீரை வடித்துக் கொட்டி உப்பில்லாமல் பண்ணிய கோஸ் பொரியலும் சோறும். இன்னொன்றில் மகளுக்கு எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், கூடவே ஒரு வாழைப்பழம். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு உருளையும் வாழையும் ஆகாது. பொட்டாசியம் ஏறினால் இதயத் துடிப்பே தாறுமாறாகும். பார்க்க வந்த உறவினர் அத்தனை பேருக்கும் இதை வகுப்பெடுத்தவன் நான். டப்பாவை மாற்றிக் கொடுத்தவனும் நானே.

டயாலிசிஸ் படுக்கையில், மெஷினோடு இணைப்பதற்காக ஃபிஸ்டுலா போட்ட இடது கையை அசைக்காமல் வலது கையால் மூடியைத் திறந்த அம்மா, வெளியே உட்கார்ந்திருந்த என்னைக் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடவில்லை. ஒரு வில்லை விடாமல் சாப்பிட்டு, டப்பாவை மூடி, போர்வைக்குள் வைத்துக்கொண்டாள். வாழைப்பழத் தோல்தான் காட்டிக்கொடுத்தது. "மெஷின்ல இருக்கும்போதே சாப்பிட்டாங்களே, நல்லவேளை சார்" என்றார் டெக்னீஷியன். அம்மா என்னிடம் சொன்னது ஒன்றே ஒன்று: "உப்புப் போட்டிருந்தடா."

மகள் அதுகூடச் சொல்லவில்லை. பக்கத்துப் பெண்ணிடம் ஊறுகாய் வாங்கிச் சமாளித்தாளாம். சாயங்காலம் நான் கேட்ட பிறகுதான் தெரியும். திட்டியிருந்தால் தேவலை.

பச்சை உடை தினத்தன்று அவளை நீலக் கவுனில் அனுப்பியதும் உண்டு. வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் அந்தச் செய்திக்குக் கட்டைவிரல் உயர்த்தியவர்களில் நானும் ஒருவன். பள்ளி வாசலில் அவள் ஏறுவதற்குள் வண்டியைக் கிளப்பிக்கொண்டு போயிருக்கிறேன். அந்தத் தெருவே கத்தித்தான் நிறுத்தியது. அலாரம் வைத்தால் ஞாபகம் இருக்கும் என்றார்கள். மாலை 4.10-க்கு இன்றும் ஒன்று அடிக்கிறது. எதற்கு வைத்தேன் என்று தெரியாததால் அணைக்கவும் பயம்.

மனசு ஒரே சமயத்தில் ஏழு சங்கதியைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கூடக் குறைய இரண்டு இருக்கலாம் என்று 1956-ல் எழுதினார் ஜார்ஜ் மில்லர் என்ற அமெரிக்க உளவியலாளர். 2001-ல் நெல்சன் கோவன் என்பவர் அதை நாலுக்குக் கொண்டுவந்துவிட்டார். கவலையில் சுரக்கும் கார்டிசோல் இந்த நாலிலும் கை வைக்கும் என்கிறார்கள். எனக்கோ எடை, பொட்டாசியம், ஹீமோகுளோபின், குடித்த தண்ணீர் என்று நாலும் ஹவுஸ்ஃபுல். பெற்ற பிள்ளை ஐந்தாவதாக வெளியே நிற்கிறாள். இதை மனைவியிடம் ஆராய்ச்சி ஆதாரத்தோடு விளக்கினேன். "கிரிக்கெட் ஸ்கோர் எதுல சேர்த்தி?" என்றாள். கோவன் இதற்குப் பதில் எழுதியிருக்கிறாரா என்று தேட வேண்டும்.

இப்போதெல்லாம் டயாலிசிஸ் படுக்கையிலிருந்து அம்மா போன் செய்கிறாள். "நாளைக்குப் பாப்பாவுக்கு டிராயிங். கிரேயான் தீர்ந்துபோச்சு, வாங்கிட்டு வா." உடம்பில் மூன்று கிலோ தண்ணீர் சேர்ந்து மூச்சு வாங்கும் நாளிலும் கிரேயான் தீர்ந்தது அவளுக்குத் தெரிகிறது. ஒரு நாள், "உனக்கு எப்படிம்மா தெரியும்?" என்று கேட்டேன்.

"டீச்சர் எனக்குத்தானே மெசேஜ் போடுறாங்க."

விசாரித்ததில், பள்ளிக்கூடத்தில் என் நம்பரை எடுத்துவிட்டுப் பாட்டி நம்பரைப் போடச் சொல்லி மிஸ்ஸிடம் பேசியிருப்பது மகள். அம்மாவும் மனைவியும் ஒப்புதல் கொடுத்திருக்கிறார்கள். என்னிடமும் சொன்னார்களாம்.