ஏப்ரலில் எல்லாருக்கும் பூஜ்யம்

இங்கிலாந்தில் ஒருவர் தன்னை சாமர்செட் கவுண்டியின் கிரிக்கெட் ரசிகர் என்று சொல்லிக்கொண்டால், மற்ற கவுண்டிக்காரர்கள் துக்கம் விசாரிக்கும் குரலில்தான் பேசத் தொடங்குவார்கள். காரணம் இல்லாமல் இல்லை. கவுண்டி சாம்பியன்ஷிப் அதிகாரபூர்வமாகத் தொடங்கியது 1890இல். சாமர்செட் அதில் சேர்ந்தது 1891இல். அன்று முதல் இன்று வரை அந்தப் பட்டம் ஒரு தடவைகூட அவர்களுடைய டான்டன் மைதானத்துக்கு வந்ததில்லை. இருந்தும் ஆட்டப் பருவம் தொடங்கும் ஏப்ரல் பிறந்தால் போதும், அந்த ரசிகர் கம்பளிச் சட்டையும் தேநீர்க் குடுவையுமாகக் கிளம்பிவிடுகிறார், இந்த வருஷம் நம்முடையது என்கிறார். இதை வெகுளித்தனம் என்று தள்ளிவிடுவது எளிது. நான் அவர் கட்சி. அவருடைய நம்பிக்கைக்கு ஆதாரம் இருக்கிறது. அதை அவர் கையில் திணித்ததே கவுண்டி கிரிக்கெட்டின் சட்டதிட்டம்தான். விசாரிக்க வேண்டுமென்றால் விதிப்புத்தகத்தைக் கூண்டில் ஏற்றுங்கள்.

முதல் சாட்சி, புள்ளிக் கணக்கு. அண்மைக்கால விதிப்படி வென்றால் 16 புள்ளி, டிரா என்றால் 8. இதற்கு மேல், முதல் இன்னிங்ஸில் ரன் குவித்தால் 5 வரை, விக்கெட் எடுத்தால் 3 வரை போனஸ். ஆகவே ஒழுங்காக ஆடித் தோற்ற அணிகூட எட்டுப் புள்ளியை மடியில் கட்டிக்கொண்டு ஊர் திரும்பலாம். தோற்றவனுக்கு இவ்வளவு மரியாதை வேறெங்கே கிடைக்கும்? அடுத்தது டிரா என்கிற புண்ணியம். 2021 ஜூலையில் ஓவல் மைதானத்தில் நம் அஸ்வின் சர்ரே அணிக்காக இறங்கி, 27 ரன்னுக்கு 6 விக்கெட் எடுத்து, இரண்டாவது இன்னிங்ஸில் சாமர்செட்டை 69க்குச் சுருட்டினார். ஆட்டத்தின் முடிவு என்ன தெரியுமா? டிரா. அறுபத்தொன்பதுக்குச் சுருண்ட பிறகும் தோற்காமல் தப்பிய அணியின் ரசிகரிடம் போய், நம்பாதே என்று எந்த வாயால் சொல்வது? போதாக்குறைக்கு, கோடை நடுவில் ‘தி ஹண்ட்ரட்’ என்ற நூறு பந்துப் போட்டிக்காக சாம்பியன்ஷிப்பை நிறுத்திவைக்கிறார்கள். அந்த இடைவெளியில் சாம்பியன்ஷிப்பில் யாரும் தோற்பதில்லை. நாலாம் இடத்தில் இருக்கும் அணியின் ரசிகருக்கு, மேலே உள்ள மூவரும் யார் யாரிடம் எப்படித் தோற்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் பார்க்க வாரியமே விடுப்பு தருகிறது.

இரண்டாவது சாட்சி, வரலாறு. 2001, 2010, 2012, 2016, 2018, 2019 என்று ஆறு முறை சாமர்செட் இரண்டாம் இடம் பிடித்திருக்கிறது. அதில் 2010 தனிக் காவியம். சாம்பியன்ஷிப்பில் நாட்டிங்காம்ஷயரும் இவர்களும் சமப் புள்ளி. அவர்களுக்கு வெற்றி ஒன்று கூடுதல், பட்டம் அங்கே போயிற்று. ட்வென்டி20 இறுதியாட்டத்தில் ஹாம்ப்ஷயரும் இவர்களும் சம ரன். இவர்கள் இழந்த விக்கெட் ஒன்று கூடுதல், கோப்பை அங்கே போயிற்று. நாற்பது ஓவர் இறுதியாட்டத்தில்தான் வார்விக்ஷயரிடம் வெளிப்படையாகத் தோற்றார்கள். அது ஒருவகையில் ஓய்வு. 2016இல் தங்கள் கடைசி ஆட்டத்தை வென்று முதலிடத்தில் உட்கார்ந்தார்கள். லார்ட்ஸில் மிடில்செக்ஸும் யார்க்ஷயரும் டிரா செய்தால் பட்டம் உறுதி. டிராவால் தங்கள் இருவருக்கும் லாபமில்லை என்று கண்ட இரு கேப்டன்களும் பேசிவைத்து ஓர் இலக்கை உண்டாக்கினார்கள், டோபி ரோலண்ட்-ஜோன்ஸ் ஹாட்ரிக் எடுத்தார், பட்டம் மிடில்செக்ஸுக்கு. 2019இல் கடைசி ஆட்டம் சொந்த மண்ணில், எசெக்ஸோடு. வென்றால் பட்டம். வந்ததோ மழை, டிரா போதும் என்றிருந்த எசெக்ஸ் கோப்பையோடு போனது. ஆக, நூறு ஆண்டுக்கு மேலான இந்தத் தடைக்குப் பின்னால், அண்மைக் காலத்தில் இருந்தவை ஒரு வெற்றியும் மூன்று பந்தும் கொஞ்சம் மேகமும்தான். இவ்வளவு அற்பமான எதிரிகளைக் கண்டு யாராவது நம்பிக்கை இழப்பார்களா?

பணக்கார சர்ரே இருக்கும்வரை மற்றவர்களுக்கு ஏது வழி என்று கேட்பார்கள். 2022, 2023, 2024 மூன்று ஆண்டும் சர்ரேயே வென்றது மெய். ஆனால் 2025இல் நாட்டிங்காம்ஷயர் அதற்கு முற்றுப்புள்ளி வைத்துவிட்டது. சாமர்செட்டுக்கு 2005, 2023, 2025 என மூன்று முறை ட்வென்டி20 கோப்பை வந்ததே, அது போதாதா என்பார்கள் சிலர். கல்யாண வீட்டுக்கு வந்தவர் கையில் ஐஸ்கிரீமைக் கொடுத்துவிட்டு, சாப்பாடு ஆயிற்று, கிளம்புங்கள் என்பது போன்ற பேச்சு இது. இவ்வளவு காலம் நடக்காதது இனியா நடக்கப்போகிறது என்பாரும் உண்டு. அவர்களுக்கு நார்த்தாம்ப்டன்ஷயரைக் காட்டுவேன். 1935 மே முதல் 1939 மே வரை 99 ஆட்டங்களில் அந்த அணி ஒன்றில்கூட வெல்லவில்லை. அதன்பின் லெஸ்டர்ஷயரை இன்னிங்ஸ் கணக்கில் வீழ்த்தியது.

கடைசி மறுப்பு கொஞ்சம் தத்துவமானது: பட்டம் கிடைத்துவிட்டால் ஏங்குவதற்கு ஒன்றுமில்லாமல் இவர்கள் தவித்துப்போவார்கள், ஆகவே கிடைக்காததே நல்லது என்பது. இப்படிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் பட்டம் வென்ற கவுண்டிக்காரர்கள். சஸெக்ஸ் சங்கம் 1839இல் தொடங்கியது. முதல் பட்டம் 2003இல்தான் வந்தது. ஏக்கம் தீர்ந்துவிட்டதே என்று யாரும் துறவறம் பூணவில்லை. 2006இலும் 2007இலும் மறுபடி வென்றார்கள், அதன்பிறகு இன்னும் வேண்டும் என்றார்கள். அதனால் சாமர்செட் ரசிகரின் மனநலத்தை உத்தேசித்து யாரும் பட்டத்தை அவரிடமிருந்து ஒளித்துவைக்க வேண்டியதில்லை. இந்த வருஷம் அவர்கள் முதலிடம் வருவார்கள் என்பதே ஆதாரங்கள் வழியாக நான் வந்து சேர்ந்த தீர்ப்பு. எச்சரிக்கை ஒன்றே ஒன்று: செப்டம்பரில் கடைசி நாள் ஆட்டம் முடிந்து, லார்ட்ஸில் யாரும் யாரோடும் பேசிக்கொண்டிருக்கவில்லை என்று உறுதியான பிறகு கைதட்டினால் போதும்.