எஸ்கேப் விசையின் அதிகார எல்லை: சத்துவாச்சாரி பேனர் கடைகளை முன்வைத்து ஓர் ஆய்வு

மடலேறுதலுக்கு முனைவர் பட்டம் கொடுத்த நம் பல்கலைக்கழகங்கள் எஸ்கேப் அழுத்துதலுக்கு ஓர் எம்.ஃபில். பட்டம்கூடக் கொடுக்கவில்லை. விசைப்பலகையின் இடது மூலையில் கூட்டத்தோடு சேராமல் உட்கார்ந்திருக்கும் அந்த விசை, ஒரு நாளில் எத்தனை பேருடைய கோபத்தைத் தாங்குகிறது என்று யாரும் யோசித்தபாடில்லை. அக்குறையை நீக்கவே இக்கட்டுரை. களமாக வேலூர் சத்துவாச்சாரியைத் தேர்ந்துகொண்டோம். பேனர் கடைகளுக்குப் பஞ்சமில்லாத ஊர் என்பது ஒரு காரணம். மாவட்ட ஆட்சியர் அலுவலகம் இங்கே இருப்பது இன்னொரு காரணம்; அது ஏன் முக்கியம் என்பது போகப்போக விளங்கும்.

முதலில் பூர்வீகம். எஸ்கேப்பை 1960-ல் கொண்டுவந்தவர் ஐபிஎம்மில் இருந்த பாப் பெமர். ஆளுக்கொரு குறியீட்டு முறையில் கணினிகள் பேசிக்கொண்டிருந்த காலம் அது. ‘இனி வருவதை வேறு முறையில் படித்துக்கொள்’ என்று எதிர்முனைக்குச் சொல்வதே அதன் தொழில். ஆஸ்கி அட்டவணையில் 27-ஆம் எண் அதற்கு. வேலையை நிறுத்தும் பொறுப்பு பிற்பாடு வந்து ஒட்டிக்கொண்டது. 1984-ல் வந்த முதல் மேக்கிண்டாஷ் விசைப்பலகையில் எஸ்கேப்பே இல்லை. கமாண்ட் விசையோடு முற்றுப்புள்ளியை அழுத்தி நிறுத்தினார்கள். 2016-ல் ஆப்பிள் தன் மேக்புக் ப்ரோக்களில் எஸ்கேப்பைக் கண்ணாடிப் பட்டைக்குள் வெறும் படமாக்கியது. 2019-ல் நிஜ விசையாகத் திரும்ப வைத்தது. மூன்றே ஆண்டில் மறுநியமனம். அரசு ஊழியருக்குக்கூட இது எளிதில் வாய்ப்பதில்லை.

இனிக் களம். 10 அடிக்கு 8 அடியில் ஒரு காதணி விழா பேனர். அங்குலத்துக்கு 72 புள்ளி என்று வைத்தால் 8,640-க்கு 6,912. மொத்தம் ஏறத்தாழ 6 கோடிப் புள்ளிகள். நான்கு மைக்கும் கணக்கிட்டால் 24 கோடி பைட், அதுவும் ஒரே லேயருக்கு. தாய்மாமன்களுக்குத் தலைக்கொரு லேயர் உண்டு. இதன்மேல் டிசைனர், படத்தை மங்கலாக்கும் பெரிய பிளர் ஒன்றைப் போடுகிறார். வேலை எவ்வளவு முடிந்தது என்று காட்டும் பட்டை ஊரத் தொடங்குகிறது. நாற்காலிக்குப் பின்னால் நிற்கும் பெரிய மாமா, “தம்பி, நிறுத்து நிறுத்து, அந்தச் செவப்பு வேணாம்” என்கிறார். எஸ்கேப் அழுத்தப்படுகிறது. பட்டை ஊர்கிறது. மறுபடி அழுத்தப்படுகிறது, முன்னைவிட ஓங்கி. “இன்னாணா, நிக்க மாட்டேங்குது.”

இங்கேதான் நமது துணிபைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எஸ்கேப் என்பது ஆணை அன்று, மனு. திங்கள்கிழமை குறைதீர்க்கும் நாளில் கலெக்டர் ஆபீசுக்குப் போய் வந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மென்பொருளுக்குள் விசையைக் கவனிக்கும் த்ரெட், அதாவது வேலைச் சரடு, வேறு; பின்னணியில் பிளரைப் போட்டுக்கொண்டிருக்கும் த்ரெட் வேறு. முன்னது செய்யக்கூடியதெல்லாம் ‘நிறுத்தக் கோரப்பட்டுள்ளது’ என்று ஒரு குறிப்பு எழுதி வைப்பதுதான். பின்னது கையிலுள்ள கோப்பை முடித்துத் தலை நிமிரும்போது அதைப் பார்த்தால் உண்டு. எத்தனை கோப்புக்கு ஒருமுறை நிமிர்வது என்று முடிவு செய்பவர் நிரலாளர். கிம்ப் என்ற படத் திருத்த மென்பொருள் நெடுங்காலம் படத்தை 64-க்கு 64 புள்ளி ஓடுகளாக வெட்டிக் கையாண்டது. நம் பேனரை அப்படி வெட்டினால் 135-க்கு 108, அதாவது 14,580 ஓடுகள். ஓட்டுக்கு ஒருமுறை நிமிரும் த்ரெட், மாமா ‘நி’ என்று வாயெடுக்கும்போதே நின்றுவிடும். படம் முழுவதையும் முடித்துத்தான் நிமிர்வேன் என்னும் த்ரெட், மனு கிடைத்தது என்று பதில் அனுப்புவதற்குள் காது குத்தி முடித்திருப்பார்கள்.

கழுத்தைப் பிடித்து நிறுத்தினால் என்ன என்று ஒருசாரார் கேட்பர். கேட்டு, செய்தும் பார்த்து, கைவிட்டாயிற்று. த்ரெட்டை வெளியிலிருந்து நிறுத்தும் வசதியைப் பயன்படுத்தாதீர்கள் என்று ஜாவா 1998-லேயே சொல்லிவிட்டது. விண்டோஸில் இதற்கென்று உள்ள டெர்மினேட்த்ரெட் ஆபத்தானது என்று அதன் சொந்த ஆவணமே எச்சரிக்கிறது. பூட்டிய நினைவகத்தின் சாவியை மடியில் வைத்துக்கொண்டே த்ரெட் செத்துப்போனால், அந்தச் சாவிக்குக் காத்திருக்கும் மற்றவை காத்துக்கொண்டே இருக்கும். அப்புறம் நிற்பது பிளர் மட்டுமல்ல, கடையே.

ஓங்கி அழுத்தினால் கேட்கும் என்பது இன்னொரு சாராரின் கொள்கை. அழுத்தத்தின் வேகம் கணினிக்குத் தெரியாது. எண்ணிக்கை தெரியும், அதை மறக்கவும் செய்யாது. விசையைக் கவனிக்கும் த்ரெட்டே வேறு வேலையில் மாட்டிக்கொண்டு, கவனிக்க ஆளில்லாதபோது விழுந்த எஸ்கேப்புகள் வரிசையில் நிற்கும். வேலை முடிந்து பாதை திறந்ததும் ஒவ்வொன்றாக உள்ளே வரும். முதலாவதற்கு ரத்து செய்ய எதுவும் மிச்சமிருக்காது. அடுத்தது, அப்போதுதான் திறந்த பெட்டியை யாரும் படிப்பதற்குள் மூடிவிட்டுப் போகும். 5 விநாடிக்கு மேல் மென்பொருள் வாய் திறக்காவிட்டால் விண்டோஸ் சாளரத்தை வெளுக்கச் செய்து, பதில் இல்லை என்று தலைப்பில் எழுதிவிடும். டிசைனர்கள் டீ குடிக்கப் போகும் நேரம் அது.

சிக்கல் முற்றியது 2012-ல், போட்டோஷாப் சிஎஸ்6 பின்னணியில் சேமிக்கக் கற்றுக்கொண்டபோது. கோப்பு ஒரு பக்கம் சேமிக்கப்படும். டிசைனர் மறுபக்கம் ‘அன்புடன் அழைக்கும்’ என்பதன் கீழே பங்காளிகள் பெயரை அடித்துக்கொண்டிருப்பார். இப்போது எஸ்கேப் அழுத்தினால் அது யாருக்குப் போய்ச் சேரும்? முன்னால் இருப்பவருக்குத்தான். அடித்த பெயரெல்லாம் போய்விடும், சேமிப்பு பத்திரமாக நடக்கும். (எஸ்கேப் எழுத்தை ஏற்கட்டும் என்று மாற்றிக்கொள்ளும் வசதி பிற்காலப் பதிப்புகளில் வந்தது. பங்காளிச் சண்டைகள் சில அதனால் தவிர்க்கப்பட்டிருக்கும்.) பின்னணி வேலைக்கு எஸ்கேப்பில் பாத்தியதையே கூடாது, அதற்கென்று தனிப் பொத்தான் இருக்க வேண்டும் என்பது எம் கட்சி. முப்பரிமாண மென்பொருளான பிளெண்டர் இதை ஏற்பதில்லை. ரெண்டர் ஓடும்போது எஸ்கேப் தட்டினால் ‘நிஜமாகவா?’ என்று ஒரு வார்த்தை கேட்காமல் நிறுத்திவிடும். அனிமேஷனைப் படம் படமாகச் சேமித்திருந்தால் அதுவரை முடிந்தவையாவது மிஞ்சும்.

பாதியில் நின்றதன் மதிப்பு வேலைக்கு வேலை மாறும். ஆம்பூர் ஷூ தொழிலின் தோலை எடுத்துக்கொள்வோம். ஒரு தோல் போல் இன்னொன்று இருப்பதில்லை. தழும்பும் ஓட்டையும் தவிர்த்து எத்தனை துண்டு வெட்டலாம் என்று அடுக்கிப் பார்க்கும் மென்பொருள், நேரம் கொடுத்தால் தேடிக்கொண்டே இருக்கும். அங்கே நிறுத்து என்றால், அதுவரை கிடைத்ததில் நல்லதைக் கையில் கொடுக்கும். பிளர் அப்படியன்று. பாதி மாமா மங்கலாகவும் பாதி மாமா தெளிவாகவும் இருந்தால் கடைக்குத்தான் வம்பு. ஆகவே நிறுத்திய கையோடு பழைய நிலைக்குத் திருப்பவும் வேண்டும்.

பிரின்டிங் மெஷின் வரை வந்தபின் எஸ்கேப்புக்கு அதிகாரமே கிடையாது. மெஷினின் நினைவகத்துக்குள் போய்விட்ட கோப்பு, திரையில் ரத்து என்று காட்டினாலும் ஹெட்டை இடவலமாக ஓட்டிக்கொண்டே இருக்கும். அங்கே உள்ள சிவப்புப் பொத்தான் ஒன்றுக்குத்தான் அது பணியும். நாம் கண்ட கடையில் அவசரத்தில் பழைய கோப்பே அச்சுக்குப் போயிருந்தது. பொத்தானைத் தேடிப் பிடித்து அழுத்தியபோது ஃப்ளெக்ஸ் மாமாவின் மீசை வரை வந்திருந்தது.

“செவப்பு வேணான்னு அப்பவே சொன்னேன்ல?”

“எனக்குக் கேட்டுச்சுணா. சிஸ்டத்துக்குத்தான் கேக்கல.”

மாமா தன் மீசையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். சதுர அடிக் கணக்கில் இந்த நஷ்டம் யாருடையது என்ற கேள்வியை ஆய்வாளர்கள் எழுப்புவதற்குள் அவரே தீர்த்துவைத்தார்: “சரி, அதச் சுருட்டிக் குடுப்பா. வண்டி மேல போட ஆவும்.”