கேக்கும் பாட்டும்: லாச்சப்பல் கேள்வி–பதில்

கேள்வி: கேக் சுடும் போட்டியை வைத்து இங்கிலாந்தில் ஒரு முழுநீளப் பாட்டு நாடகமே போட்டார்களாமே, மெய்தானா? (பாரிஸ், ரூ பஜோல் வாசகி)

பதில்: மெய்தான். 2010இல் பிபிசியில் தொடங்கிய ‘தி கிரேட் பிரிட்டிஷ் பேக் ஆஃப்’ போட்டிதான் அதற்கு மூலம். நாடகம் 2022இல் செல்ட்னம் நகரின் எவ்ரிமேன் அரங்கில் ஏறியது. 2023 பெப்ரவரி முதல் மே வரை லண்டன் நோயல் கவர்ட் அரங்கில் ஓடியது. எழுதியவர்கள் ஜேக் பிரங்கர், பிப்பா கிளியரி, இசையும் கிளியரியே. வெள்ளைக் கூடாரம், எட்டுப் போட்டியாளர்கள், இரண்டு நடுவர்கள். மாவை மேசையில் அறைந்து பிசைவதற்கென்றே நடுவருக்கு ஒரு பாட்டு உண்டு.

கேள்வி: கேக் கருகுவதில் என்ன நகைச்சுவை? எங்கள் வீட்டில் கருகினால் பேச்சல்லவா விழுகிறது!

பதில்: அந்தப் பேச்சுத்தான் நாடகத்தின் உயிர். தொழில்காரர் தவறினால் அடுத்த தட்டைப் போறணைக்குள் தள்ளிவிட்டுப் போவார். வீட்டில் சுடுகிறவருக்கோ அம்மாவிடம் பழகிய கைப்பக்குவமே நடுவரின் கரண்டி நுனியில் நிற்கும். மனைவியை இழந்த தகப்பன், சிரியாவிலிருந்து வந்த இளைஞன் என்று ஒவ்வொருவரும் ஒரு பாரத்தோடுதான் கூடாரத்துக்குள் நுழைகிறார்கள். கற்பனை என்று தள்ளிவிட முடியாது. உண்மைப் போட்டியில் 2015இல் வென்ற நதியா ஹுசைன் வங்கதேசக் குடும்பத்துப் பெண். 2018இல் வென்ற ராகுல் மண்டல் கொல்கத்தாவில் பிறந்தவர்.

கேள்வி: பார்க்கிறவர்களுக்கு வாசனையாவது கிடைக்குமா?

பதில்: பிராட்வேயில் கிடைத்தது. 2016இல் அங்கு வந்த ‘வெயிட்ரஸ்’, பை சுடும் போட்டியில் வென்று கொடுமைக்காரக் கணவனிடமிருந்து தப்ப நினைக்கும் பெண்ணின் கதை. அரங்கின் முன்கூடத்தில் போறணை வைத்து நிசமாகவே பை சுட்டார்கள். முதல் பாட்டுக்கு முன்பே சபைக்குப் பசி!

கேள்வி: போறணைக்கு முன்னால் நின்று பாடினால் கேக் அமுங்கிவிடுமா?

பதில்: பாட்டுக்கு அமுங்காது, கதவைத் திறந்தால் அமுங்கும். முட்டையின் புரதமும் மாவின் மாச்சத்தும் சூட்டில் இறுகுவதற்கு முன் குளிர்காற்றுப் பட்டால் நடுப்பகுதி இறங்கிவிடும். கதவை மூடிவைத்துவிட்டு எந்த ராகமும் பாடலாம்.

கேள்வி: பாரிஸில், எங்கள் ஆட்களிடம் இப்படி ஒரு கதை கிடைக்காதா?

பதில்: தாராளமாகக் கிடைக்கும். இசையமைப்பாளர் ஓஃபென்பாக் 1875இலேயே பாண்காரி ஒருத்தியை நாயகியாக்கி இங்கே நகைச்சுவை இசை நாடகம் போட்டார். பேக் ஆஃபின் பிரெஞ்சு வடிவம் 2012இல் எம்6 தொலைக்காட்சியில் தொடங்கியது.

எங்கள் கதைக்கு நாயகன் ஆயத்தமாகவே இருக்கிறார். இலங்கையிலிருந்து 2006இல் வந்த தர்ஷன் செல்வராஜா, 2023இல் பாரிஸ் நகரின் மரபு பகெத் (நீளப் பாண்) போட்டியில் முதலிடம் பெற்றார். அவர் தொழில்காரர்தான், ஆனாலும் கதைக்கு வேண்டிய பதற்றம் அந்தப் போட்டி விதிகளிலேயே இருக்கிறது. மாவு, தண்ணீர், உப்பு, ஈஸ்ட் ஆகியவற்றால் ஆன பகெத்தை முதலில் அளந்து நிறுப்பார்கள். அளவு தப்பினால் நடுவர் நாக்கில் வைக்குமுன்பே வெளியே! நாடகத்துக்கு இடைவேளை விட இதைவிட நல்ல இடம் கிடைக்காது. வென்றவருக்கு 4,000 யூரோ, ஓராண்டுக்குக் குடியரசுத் தலைவரின் எலிசே மாளிகைக்குப் பகெத் கொடுக்கும் உரிமை. 2024இல் தர்ஷன் ஒலிம்பிக் சுடரையும் ஏந்தினார்.

நடிகமணி வி.வி. வைரமுத்துவின் அரிச்சந்திரனைக் கண்ட சமூகத்துக்கு இசை நாடகம் புதிதல்ல. ரூ பஜோலிலிருந்து சிறிது நடந்தால் பூஃப் து நோர் அரங்கு வரும். நாடக இயக்குநர் பீட்டர் புரூக் 1974இல் அதை மறுபடி திறந்தார். அவருடைய ‘மகாபாரதம்’ அவினியோனுக்குப் பிறகு இங்கேதான் நடந்தது. பாரதத்துக்கு இடம் கொடுத்த வட்டாரத்தில் ஒரு பாண் கதைக்கா இடமில்லை?

எழுதக்கூடிய வாசகர்கள் முன்வர வேண்டும். ஆறு பாட்டும் ஒரு மணி நேரமும் போதும். எழுதுமுன் வெதுப்பகம் ஒன்றில் அனுமதி கேட்டுக்கொண்டு, ஓர் இரவு முழுக்க அங்கே நின்று வேலையைப் பாருங்கள்.