கூலி எவ்வளவு?

மூன்று நாள், இரண்டு இரவு, யோங் பெலார் மலை. நானும் கூட்டாளியும் போகிறோம் என்று சொன்னதும் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது.

"கூலி எவ்வளவு குடுக்குறாங்க?"

"நாமதான்மா குடுக்கணும்."

சொன்னதோடு விட்டிருக்கலாம். வழிகாட்டிக்கு இவ்வளவு, காட்டு இலாகா பெர்மிட்டுக்கு இவ்வளவு, லேண்ட்ரோவருக்கு இவ்வளவு என்று கணக்கையும் ஒப்பித்தேன். அம்மா என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு வெற்றிலையை வாயில் போட்டுக்கொண்டார். எண்பத்திரண்டு வயதில் சில பேரிடம் வாயைக் கொடுத்துப் பயனில்லை என்று தெரிந்துவிடுகிறது.

அம்மா கேமரன் மலைத் தேயிலையில் முப்பது வருஷம் ஏறி இறங்கியவர். இருட்டோடு எழுந்து, பேர் கூப்பிடும் பெரட்டுக்கு நின்று, தண்டல் காட்டிய நிரையில் கூடையோடு ஏறி, பத்து மணிக்கு இறங்கி நிறுத்து, மறுபடி ஏறி, சாயங்காலம் இறங்குவார். ஒரு நாளைக்கு எத்தனை அடி உயரம் என்று அளக்கக் கையில் கடிகாரம்கூடக் கிடையாது. என் மணிக்கட்டில் இருப்பது படி ஏறினாலே பாராட்டுகிறது.

லயத்தில் கூட்டாளி வீடும் எங்கள் வீடும் ஒரே சுவர். 1979இல் எங்களுக்கு வயது பதிமூன்று. ஒரு பள்ளி விடுமுறையில், பிரிஞ்சாங் மலை உச்சியில் தெரிகிற கோபுரத்தைத் தொட்டுவிட்டு வருவது என்று முடிவு செய்தோம். ஏற்பாடுகள் முடியக் கால் மணி நேரம் ஆனது. மைலோ டின்னில் அவித்த மரவள்ளிக்கிழங்கு, மழைக்கு மூலையை உள்ளே மடித்த கோணிச்சாக்கு, அட்டைக்குத் துணி துவைக்கும் சவர்க்காரம். அதைக் கணுக்காலில் பூசிக்கொண்டு, கொஞ்சம் பாட்டியின் புகையிலையையும் திருடிக்கொண்டு கிளம்பினோம்.

மேட்டு வளைவில் தண்டல் பிடித்துக்கொண்டார்.

"எங்கடி?"

"மலைக்கு."

"மலையில என்ன வேலை?"

பதில் இல்லை. வேலை இல்லாமல் மலைக்குப் போவது அந்தத் தோட்டத்தில் அதுவரை யாரும் செய்யாத குற்றம். விறகுக்கு என்று சொல்லியிருந்தால் விட்டிருப்பார். விறகுக்குத்தான் வாரா வாரம் காட்டோரம் போகிறோமே. அது எங்களுக்குத் தோன்றவில்லை. அன்று வீட்டில் அடி விழுந்தபோது ஜிம் தாம்சனும் வந்தார். 1967 மார்ச் 26, ஈஸ்டர் ஞாயிறு. தாய்லாந்துப் பட்டை உலகத்துக்கு விற்ற அந்த அமெரிக்கர் தானா ராத்தா பங்களாவிலிருந்து சும்மா உலாவக் கிளம்பினார். போலீஸ், பட்டாளம், ஒராங் அஸ்லிகள் என்று நூற்றுக்கணக்கானவர்கள் காட்டைச் சல்லடை போட்டும் ஒரு பொத்தான்கூட அகப்படவில்லை. எங்கள் லயத்தில் பிள்ளைகளை அடக்கப் பூச்சாண்டி தேவைப்படவில்லை. "பட்டுக்கார வெள்ளைக்காரன் போன இடத்துக்குப் போறியா?" போதும். இப்போது யோசித்தால், இந்த மலையிலேயே நீண்ட நடைக்குப் போனவர் அவர்தான். சிகரெட்டைக்கூட எடுத்துக்கொண்டு போகவில்லை.

இந்த முறை நாங்கள் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டோம். வாட்ஸ்அப்பில் வந்த பட்டியல் இரண்டு பக்கம். கூட்டாளி ஈப்போவில் தாதியாக இருந்து ஓய்வு பெற்றவள். பட்டியல் என்றால் ஒன்று விடாமல் டிக் போட்டே தீருவாள். அட்டை ஏறாத காலுறை, அலுமினிய ஊன்றுகோல், நெற்றி விளக்கு, எடையே இல்லாத மழைக்கோட்டு. எடை இல்லாததற்குத்தான் விலை கூடுதல். சப்பாத்து விஷயத்தில்தான் மூக்கு உடைந்தது. நானூறு வெள்ளி கொடுத்து வாங்கியதைப் படம் எடுத்து அனுப்பினால், வழிகாட்டி பையன், "வழுக்கும் அக்கா, அடிடாஸ் கம்போங் வாங்குங்க" என்று பதில் போட்டான். பால்மரம் சீவப் போகிறவர்கள் மாட்டுகிற கறுப்பு ரப்பர் சப்பாத்து. என் மாமா செத்த அன்று அவர் வீட்டு வாசலில் கிடந்ததும் அதுதான். மலையேறிகள் இன்று அதைத்தான் தேடி வாங்குகிறார்கள்.

ஏறுவதற்கு முந்தின இரவு கியா பார்மில் தங்கினோம். காலையில் சந்தை விழித்துக்கொண்டிருந்தது. சோளத்தைத் தார்பாயில் கொட்டிக்கொண்டிருந்தார்கள். பை பன்னிரண்டு கிலோவுக்கு மேல் போகக்கூடாது என்பது வழிகாட்டியின் சட்டம். கூட்டாளி ஒரு காய்கறிக் கடையில் நின்று, தவுக்கேயிடம் மலாயில் கேட்டு, வள்ளிக்கிழங்கு நிறுக்கும் தராசில் தன் பையைத் தூக்கி வைத்தாள். பதினான்கு கிலோ முந்நூறு. தவுக்கே சிரித்தார். நெத்திலிச் சம்பல் போத்தல் வெளியே வந்தது. இரண்டாவது துண்டு, தேங்காய் எண்ணெய், ஒரு தலையணை. தலையணையைப் பார்த்து நான் ஒன்றும் சொல்லவில்லை. என் பையிலும் ஒன்று இருந்தது. கடைசியில் பதின்மூன்றில் முள் நின்றது.

"தண்ணி மூணு லிட்டர் இருக்குதே, அதைக் கழிச்சிடு" என்றாள்.

இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞாபகம் வந்தது. மழை நாளில் அம்மா கூடையை நிறுக்க வைக்கும்போது, இலை நனைந்திருக்கிறது என்று கிராணி தண்ணீருக்குக் கழிப்பார். இரண்டு கிலோ, சில நாள் மூன்று. எதை வைத்துக் கணக்குப் போடுவார் என்று யாரும் கேட்டதில்லை. எங்கள் தண்ணீரை யாரும் கழிக்கவில்லை. அதையும் நாங்கள்தான் சுமக்க வேண்டும், காசு கொடுத்து.

லேண்ட்ரோவர் திரிங்காப், கோலா தெர்லா, கம்போங் ராஜா என்று பிளாஸ்டிக் கூடாரத் தோட்டங்களுக்கு நடுவே ஓடியது. புளூ வேலி தேயிலையில் இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் இயந்திரத்தைப் பிடித்துக்கொண்டு, செடித் தலையைச் சீவிக்கொண்டு போனார்கள். வங்காளதேசத்துப் பையன்கள். கையசைத்தோம். எங்கள் ஊன்றுகோல்களைப் பார்த்துவிட்டு ஒருவன் மற்றவனிடம் ஏதோ சொன்னான். கூலி எவ்வளவு என்று கேட்டிருக்கலாம்.

யோங் பெலார் 2,181 மீட்டர்; தீபகற்பத்தில் மூன்றாவது உயரம். வழியில் வரும் முகாம்களின் பெயரை வழிகாட்டி சொன்னான்: துடோங் பெரியோக், அப்புறம் காசுட். சட்டிமூடி, சப்பாத்து. எவனோ ஒருவன் அவற்றைத் தொலைத்த இடங்களாக இருக்க வேண்டும். பட்டியலில் டிக் போடாமல் வந்தவன் என்றாள் கூட்டாளி. வழிகாட்டி ஒராங் அஸ்லி பையன், இருபத்தைந்து இருக்கும். அவன் பை அரிசிச் சாக்கு. இரண்டு பக்கமும் கயிறு கோத்திருந்தது. எங்கள் கூடாரமும் அதற்குள்தான் இருந்தது.

தேயிலை முடிந்து காடு தொடங்கும் இடத்தில் கைப்பேசி ஒருமுறை அதிர்ந்தது. அம்மா. "ஏறியாச்சா?" "இப்பதாம்மா." "மழை வர்றதுக்குள்ள இறங்கிடுங்க." மூன்று நாள் என்பதை அவர் கணக்கில் எடுத்துக்கொள்ளவே இல்லை. அதற்குமேல் லைன் கிடைக்கவில்லை.

உள்ளே நுழைந்து ஐம்பது அடி போயிருப்போம். முன்னால் போன கூட்டாளி குனிந்தாள். காலடியில் காய்ந்த கிளை ஒன்று. எடுத்து, முழங்காலில் வைத்து ஒடித்தாள். பட்டென்று முறிந்தது. "நல்லா காஞ்சிருக்குடி" என்றாள் திரும்பாமலே.

ஊன்றுகோலா என்று வழிகாட்டி மலாயில் கேட்டான்.

நூற்றெண்பது வெள்ளி ஊன்றுகோல் இரண்டும் அவள் பையில் தொங்கிக்கொண்டிருந்தன. அவள் கையில் இருந்த இரண்டு துண்டையும் பார்த்தாள். கீழே போடவில்லை; கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அடுத்ததைத் தேடினாள்.