பி-ஆர்-என்-டி: மூலமும் உரையும்

பாயிரம்

இந்நூல் நுவலும் பொருள், அமெரிக்க பிக்கப் வண்டியின் ஆட்டோமேடிக் கியர்பாக்ஸுக்கு வரும் நோய்கள். கேட்போர், ஜாக்கி, பழைய துணி, பொறுமை ஆகிய மூன்றில் இரண்டையாவது வைத்திருப்போர். பயன், பணம் மிச்சமாதல். அது கிட்டாவிடில், பணம் எதற்குப் போயிற்று என்று தெரிதல்.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது ஷெவர்லே சி/கே வரிசை பிக்கப். அதன் வயிற்றிலிருப்பது ஜெனரல் மோட்டார்ஸ் 1982-இல் இறக்கிய 700ஆர்4. 1990-இல் அது 4எல்60 ஆயிற்று. 1993-இல் மின்னணு மூளை வைத்து 4எல்60ஈ என்றார்கள். ஔவையார் ஒருவரா பலரா என்று கேட்கும் புலவர்கள் இங்கேயும் அதையே கேட்கலாம். முதல் கியர் 3.06, கடைசி கியர் 0.70 என்பது மூன்றுக்கும் ஒன்றுதான்.

வண்டிக்காரர்களைக் கேட்டறிந்தவரை ஒரு கோட்பாடு நிலைபெறுகிறது. வண்டி முரண்டு பிடித்தால் எது அதிக விலையோ அதைத்தான் முதலில் சந்தேகிப்பார்கள். 'கியர்பாக்ஸ் போச்சு' என்று சொல்வதில் ஒரு கம்பீரம் இருக்கிறது. 'எண்ணெய் குறைந்துவிட்டது' என்பதில் அது இல்லை.

மூல ஆராய்ச்சி

மூலபாடம் ஒரே வரி: பி ஆர் என் டி. பார்க், ரிவர்ஸ், நியூட்ரல், டிரைவ் என விரியும். அதன்பின் வரும் 3, 2, 1 ஆகிய இலக்கங்களைப் பெரும்பாலான ஓட்டுநர்கள் தொட்டதேயில்லை என்பதால் இடைச்செருகல் என்று தள்ளுவாரும் உளர். பாடபேதம் நிறைய. 1940 மாடல் ஓல்ட்ஸ்மொபைலில் வந்த ஹைட்ராமாட்டிக்கில் பி கிடையாது. என்ஜினை அணைத்து ஆரில் போட்டு நிறுத்தினார்கள். கிறைஸ்லர் 1956 முதல் 1964 வரை நெம்புகோலையே ஒழித்துப் பொத்தான் வைத்தது. 1958-இல் வந்த எட்சல் ஒரு படி மேலே போய், ஸ்டியரிங்கின் நடுவில், ஹார்ன் இருக்கவேண்டிய இடத்தில் கியர் பொத்தான்களைப் பதித்தது. அதை யோசித்தவர் அவசரத்தில் ஹார்ன் அடித்ததே இல்லை போலும். பிறகு அமெரிக்க அரசின் பாதுகாப்பு விதி, முன்னே போகும் கியருக்கும் பின்னே போகும் கியருக்கும் நடுவில் என் நிற்கவேண்டும் என்று செம்பதிப்பு கண்டது.

இந்த நான்கெழுத்துக்குப் பின்னால் ஒரு சமயக் கொள்கை உண்டு. கையால் கியர் மாற்றுபவர் மர்க்கட நியாயத்தார். குரங்குக்குட்டி தாயைப் பற்றிக்கொள்வதுபோல் அவர்தான் வண்டியைப் பற்றிக்கொள்ளவேண்டும். ஆட்டோமேடிக்காரர் மார்ஜார நியாயத்தார். பூனை குட்டியைக் கவ்விக்கொண்டு போய்விடும். கவ்வும் வாய் டார்க் கன்வெர்ட்டர். ஹெர்மன் ஃபோட்டிங்கர் என்ற ஜெர்மன் பொறியாளர் கப்பலுக்காக யோசித்து 1905-இல் காப்புரிமை வாங்கிய சரக்கு அது. கிளம்பும்போது என்ஜினுக்கும் கியர்களுக்கும் நடுவே இரும்புப் பிடிப்பே கிடையாது. ஒரு சக்கரம் எண்ணெயை வீச, எதிர்ச்சக்கரம் அந்த வேகத்தில் சுழல்கிறது, அவ்வளவுதான். ஆகவே எண்ணெய் குறைந்தால் அருளும் குறையும்.

எண்ணெய் இயல்

டிப்ஸ்டிக் பார்ப்பதற்கு விதி உண்டு. சமதளம். என்ஜின் சூடாகி, ஓடிக்கொண்டே இருக்கவேண்டும். பிரேக்கை மிதித்துக்கொண்டு நெம்புகோலை எல்லா எழுத்திலும் ஒருமுறை நிறுத்தி, பிக்குத் திரும்பவேண்டும். அணைத்துவிட்டுப் பார்த்தால், கன்வெர்ட்டரில் இருந்த எண்ணெய் கீழே இறங்கி, மட்டம் நிறைந்திருப்பதாகப் பொய் சொல்லும்.

ஒரு சொட்டை வெள்ளைக் காகிதத்தில் விடுக. சிவப்பு என்றால் நலம். ஒழுகினால் என்ஜின் ஆயிலிலிருந்து பிரித்தறிய ஏற்றிய சாயம் அது. பழுப்பு, மூப்பு. கறுப்பும் தீய்ந்த வாடையும் சேர்ந்தால் கிளட்ச் தகடுகளின் உராய்வுப் படலம் எரிந்திருக்கிறது என்று பொருள். இந்த நிலையில் காகிதத்தை முகர்ந்தவர் முகம் போகிற போக்கே போதும், வேறு சோதனை வேண்டாம். ரோஸ் நிற நுரை வந்தால் ரேடியேட்டர் தண்ணீர் உள்ளே புகுந்துவிட்டது, ஏனெனில் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் ரேடியேட்டருக்குள்தான் போய் வருகிறது. 2005 முதல் 2010 வரை வந்த நிஸான் ஃபிரான்டியர் பிக்கப்களில் இது பேர்போன நோய். அதற்கு 'ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக்' என்று பெயர் வைத்தவர்கள் வண்டிக்காரர்களேதான். துக்கத்திலும் நகைச்சுவை விடவில்லை.

1970களின் தொடக்கம்வரை இந்த எண்ணெயில் ஸ்பெர்ம் திமிங்கிலத்தின் எண்ணெயும் கலந்திருந்தது. டெக்சாஸ் பண்ணைச் சாலையில் ஒருவர் இரண்டாம் கியரிலிருந்து மூன்றாம் கியருக்கு மெத்தென்று மாறுவதற்காகக் கடலில் ஒரு ஜீவன் செத்திருக்கிறது.

எண்ணெய் மாற்றுவது தனிக் கலை. கியர்பாக்ஸின் அடித்தட்டில் பெரும்பாலும் வடிகால் திருகு கிடையாது. தட்டின் போல்ட்களை ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டு வரவேண்டும். எந்த மூலை முதலில் இறங்குமோ அந்த மூலைக்கு நேரே படுத்திருப்பவரின் மணிக்கட்டில் தொடங்கி, முழங்கை வழியாக அக்குள்வரை வெதுவெதுப்பாக வரும். தட்டில் ஒரு காந்தம் ஒட்டியிருக்கும். அதன்மேல் சாம்பல் நிறத்தில் மழமழவென்று மை படிந்திருந்தால் கவலையில்லை, அது இயல்பான தேய்மானம். விரலால் வழிக்கும்போது நெருடினால், நகத்தில் துணுக்கு நின்றால், தட்டை மாட்டிவிட்டுப் பணத்துக்கு ஏற்பாடு செய்யலாம்.

நெடுங்காலம் மாற்றாத எண்ணெயை மாற்றலாமா என்பதில் இரு கட்சி. புது எண்ணெய் ஊற்றியதும் கியர்பாக்ஸ் செத்தது என்பது ஒரு கட்சி. தேய்ந்து உதிர்ந்த துகள்தான் பழைய எண்ணெயில் மிதந்து பிடிப்புக் கொடுத்தது என்பது அவர்கள் வாதம். சாகிற நிலை வந்த பிறகுதான் எண்ணெய் மாற்றவே உங்களுக்குத் தோன்றியது என்பது எதிர்க்கட்சி. எனக்கு எதிர்க்கட்சி பக்கம்தான் சாய்வு.

குறி இயல்

எந்த கியர் போயிற்று என்பதைவிட எவை சேர்ந்து போயின என்பதே குறி. 4எல்60ஈயில் 2, 4, ஆர் மூன்றும் ஒருசேரப் போய், 1-உம் 3-உம் மட்டும் மிஞ்சினால் உள்ளே சன் ஷெல் என்ற பாகம் உடைந்தது என்று பழகிய மெக்கானிக் போனிலேயே சொல்லிவிடுவார். ஆர் போன வண்டிக்காரர் ஊரைப் புதிதாகப் படிக்கத் தொடங்குகிறார். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறக்கூடிய பார்க்கிங் எது, எந்தக் கடை வாசலில் மேட்டைப் பார்த்து நிறுத்தினால் என்னில் போட்டதும் தானாகப் பின்னால் உருளும் என்றெல்லாம் அவருக்கு அத்துப்படி.

பழைய 700ஆர்4-க்கு எமன் ஒரு கம்பி. ஆக்சிலரேட்டரை எவ்வளவு மிதித்தோம் என்பதை கியர்பாக்ஸுக்குத் தெரிவிக்கும் டிவி (த்ராட்டில் வால்வ்) கேபிள் அது. கார்புரேட்டரை மாற்றிவிட்டுக் கேபிளைச் சரியாக வைக்காமல் ஓட்டினால் எண்ணெய் அழுத்தம் குறையும், கிளட்ச் வழுக்கும், வழுக்கியது எரியும். பாதி முடுக்கிவிட்ட கம்பிக்காக முழு கியர்பாக்ஸைப் பிரித்த கதைகள் ஏராளம்.

இன்னொரு குறி: 45 மைல் வேகத்தில் வண்டி நடுங்கும். சாலையோர அதிர்வுக் கோட்டில் ஏறிவிட்டோமோ என்று ஓட்டுநர் கண்ணாடியில் பார்ப்பார். ஆக்சிலரேட்டரை விடாமல், இடது காலால் பிரேக்கை லேசாகத் தொடுக. கன்வெர்ட்டரின் பூட்டுக் கிளட்ச் விடுபடும். நடுக்கம் நின்றால் குற்றம் அங்கே. நிற்காவிட்டால் ஸ்பார்க் பிளக்கையோ புரொப்பெல்லர் ஷாஃப்டின் யூ-ஜாயின்ட்டையோ பார்க்கவேண்டும். 1996 மாடலோ அதற்குப் பிந்தியதோ ஆனால் கருவியை மாட்டிக் குறியெண் படிக்கலாம். பி0741 வந்தால் பூட்டுக் கிளட்ச். பி0700-க்கு உரையாசிரியர் அனைவரும் ஒத்துச் சொல்லும் பொழிப்புரை: கியர்பாக்ஸில் ஏதோ இருக்கிறது.

புறனடை

கே வரிசை, அதாவது நாலு சக்கரமும் இழுக்கும் வண்டிக்கு மட்டும். திடீரென ஒரு கியரும் இல்லை. என்ஜின் உறுமுகிறது, சக்கரம் அசையவில்லை. டிப்ஸ்டிக்கில் எண்ணெய் நிறைவாக, சிவப்பாக இருக்கிறது. பியில் போட்டாலும் சரிவில் வண்டி உருளுகிறது. இந்தக் கடைசிக் குறியைக் கண்டதும் தரையைப் பார்க்கவேண்டும். அங்கே, நாலு சக்கரத்துக்கும் இழுவையைப் பகிரும் டிரான்ஸ்ஃபர் கேஸின் குட்டை நெம்புகோல் என்னில் நிற்கும். முழங்கால் தட்டியோ பிள்ளைகள் விளையாடியோ போயிருக்கும். இழுவை வண்டிக்குப் போன் செய்துவிட்ட பிறகு இதைக் கண்டவர், வந்தவர் இறங்குவதற்குள் அதைத் தள்ளிவிட்டு, 'இப்பதாங்க தானா சரியாயிடுச்சு' என்பது மரபு. அப்படியா என்று கேட்டுக்கொள்வது வந்தவரின் மரபு. வந்த கூலியை அவர் விடுவதில்லை.