வாழைப்பழத்துக்கு ஒரு பட்டா

ஏ தாயி, மதராசுல ஓவியக் கல்லூரியில இடம் கெடச்சிருச்சாமே. ரொம்ப சந்தோசம். காலையிலேருந்து நாலு பேரு துக்கம் விசாரிச்சுட்டுப் போயிட்டானுங்க. “பேத்தி நல்லாத்தானே மார்க் வாங்கிச்சு, ஏன் இப்படி?”ன்னு ஒருத்தன். அவன் மவன் இன்ஜினியரிங் முடிச்சுட்டு அப்பன் டிராக்டருக்கு டீசல் ஊத்திக்கிட்டிருக்கான். வாய் வரைக்கும் வந்துச்சு. வெத்தலையைப் போட்டு அடக்கிட்டேன்.

உன் மாமன்தான் வாடிப்போயிட்டான். உன்னை டாக்டராக்கணும்னு ஆசை வச்சிருந்தானாம். அவன்கிட்ட சொல்லு, 1850-ல அந்தக் காலேஜை ஆரம்பிச்சவரே டாக்டருதான், அலெக்சாண்டர் ஹண்டர்னு பேரு. கத்தி பிடிச்ச கை களிமண்ணுக்கு வந்து சேர்ந்த எடம் அது. நீ நேரா களிமண்ணுக்கே போறே, இவனுக்கு நீட் கோச்சிங் காசு மிச்சம்.

கலை வரலாறுன்னு ஒரு பாடம் உண்டாமே. நீ புத்தகத்தை வாங்கி வச்சுட்டுத் தூங்கிட்டே, நான் புரட்டினேன். மாடு மேய்ச்சவனுக்கு என்ன தெரியப்போகுது, ஆனாலும் கேளு. 1917, நியூயார்க்குல ஒரு கண்காட்சி. ஆறு டாலர் கட்டினா யாரு வேணா எதை வேணா வைக்கலாம், பொறுக்கி எடுக்க ஆளே கெடையாதுன்னு அறிவிப்பு. மார்செல் துஷாம்ப்னு ஒரு பிரெஞ்சுக்காரரு, கண்காட்சி வச்ச சங்கத்துலயே ஒரு நிர்வாகி. கடையில விக்கிற பீங்கான் மூத்திரக்கோப்பையை வாங்கி, மல்லாத்தி வச்சு, ‘ஆர். மட்’டுன்னு கள்ளக் கையெழுத்தும் போட்டு, காசோட அனுப்பிட்டாரு. எதை வேணா வைக்கலாம்னு சொன்ன பெரிய மனுசனுங்க கூடிக் கூடிப் பேசி, வைக்க முடியாதுன்னுட்டாங்க. இவரு ராஜினாமா பண்ணிட்டாரு. ஒரிஜினல் தொலைஞ்சே போச்சு. 1964-ல அதே மாதிரி செஞ்ச நகலைத்தான் இப்ப மியூசியத்துல வச்சுக் காவல் காக்குறாங்க.

கோப்பை அழகா, அசிங்கமான்னு மத்தவன் அடிச்சுக்கட்டும். நீ அந்தக் கூட்டத்துல உக்காந்திருந்தவங்க மூஞ்சியை நெனச்சுப் பாரு, பாடம் தானா வெளங்கும். அது வெளங்காம மூணாம் வருசம் லீவுக்கு வந்து, ஒரு ஓட்டை வாளியை நடுக்கூடத்துல வச்சு இதான் கலைன்னே வையி, உன் பாட்டி அதுலயே சாணி கரைச்சுருவா.

அந்தக் கோப்பைக்கு நூறு வருசம் கழிச்சு இத்தாலிக்காரரு ஒருத்தரு, மௌரிசியோ கட்டெலான், 2019-ல மயாமியில வாழைப்பழத்தைச் செவுத்துல டேப்பு போட்டு ஒட்டி 1,20,000 டாலருக்கு வித்திருக்காரு. 2024-ல அதுல ஒண்ணு ஏலத்துக்கு வந்து 62 லட்சம் டாலர் போச்சு. எடுத்தவன் பத்திரிகைக்காரங்களைக் கூப்பிட்டு வச்சு உரிச்சுத் தின்னுட்டான். நம்ம கொல்லையில தாரு தாரா பூவன் தொங்குது, வியாபாரி மூஞ்சியைச் சுளிக்கிறான். என்னடா சூட்சுமம்னு பாத்தேன். காசு பழத்துக்கு இல்லையாம், கூடக் குடுக்குற சான்றிதழுக்காம். பழம் அழுகினா வேற பழம் மாட்டிக்கலாம். நெலத்தை ஆறு அறுத்துக்கிட்டுப் போனாலும் பட்டா பெட்டியில பத்திரமா இருக்குற மாதிரி. அந்தப் பட்டாவை யாரு எழுதுறா, எதுக்கு இத்தனை பேரு ஒத்துக்குறாங்கன்னு உங்க வாத்தியாரைக் கேளு. எனக்கும் ஒண்ணு எழுதுவாங்களான்னு சேத்துக் கேளு.

சாயங்காலத்துல பரதநாட்டியம் வேறயாம், அடையாறு பக்கம். போ. 1936-ல கலாக்ஷேத்ரா கண்ட ருக்மிணி தேவி அம்மா யாருகிட்ட கத்துக்கிட்டாங்க? பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளைகிட்ட. நம்மூருலேருந்து பந்தநல்லூருக்கு டவுன் பஸ்ஸு ஓடுது, நீ அதுல ஒரு நாளு ஏறினதில்ல. போனது போவட்டும். வாத்தியாருங்க பேரு புத்தகத்துல இருக்கு. அவங்களுக்கு முந்தி கோயில்ல ஆடிக்கிட்டிருந்த பொம்பளைங்க எத்தனை பேரு பேரு இருக்குன்னு எண்ணிப் பாரு. கோயிலுக்குப் பொட்டுக் கட்டுறதைத் தடுத்த 1947 சட்டம் வந்தப்புறம் அவங்க என்ன ஆனாங்கன்னு பரீட்சையில கேக்க மாட்டான், நீதான் கேக்கணும்.

போன கையோட மெரினாவுல உழைப்பாளர் சிலையைப் பாத்துட்டு வா. உங்க காலேஜுக்குத் தலைவரா இருந்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி செஞ்சது, 1959-ல வச்சது. நாலு ஆளு இத்தினி வருசமா நெம்புறானுங்க, பாறை ஒரு அங்குலம் நகரல. கவருமெண்டு வேலைன்னு பாத்ததும் தெரிஞ்சுக்கிட்டேன். ஆனா கிட்டப் போயி காலைப் பாரு. சேத்துல வண்டி மாட்டிக்கிட்டு நெம்பினவனுக்குத் தெரியும், பாரம் தோள்ல ஏறினாலும் முழுசும் வந்து நிக்கிறது கட்டைவிரல்லதான். அந்த விரலு உன் கைக்கு வர்ற வரைக்கும் வாழைப்பழத்தை ஒட்டாதே.

அப்புறம், சோறு போடுமான்னு கேக்குறவன்மேல கோச்சுக்காதே. உங்க காலேஜுல படிச்ச பசங்களே கேட்ட கேள்விதான் அது. ராய் சௌத்ரிக்கு அடுத்து காலேஜ் முதல்வரா வந்த கே.சி.எஸ். பணிக்கர் காலத்துல படம் வாங்க ஆளு கெடையாது. பசங்க பாத்திக் துணி போட்டாங்க. மெழுகை உருக்கித் துணியில இழுத்து, ஆறினதும் கசக்கிச் சாயத்துல முக்கணும். மெழுகு வெடிச்ச எடத்துல மட்டும் சாயம் இழை இழையா எறங்கும். அந்த மாதிரி கைவேலையை வித்த காசுல ஈஞ்சம்பாக்கத்துல கடலோரமா மணல்காட்டை வாங்கி, 1966-ல சோழமண்டலம்னு குடியே போயிட்டாங்க. துணி சோறு போட்டுச்சு. படத்தை இஷ்டத்துக்கு எழுதினாங்க, எவனுக்கும் கும்பிடு போடல. நீயும் கையில ஒரு சில்லறைத் தொழில் வச்சுக்க. அதுல வர்றதுல நூத்துக்குப் பத்து எனக்கு, யோசனை சொன்னதுக்கு.

இன்னொண்ணு. மொத வருசத்துல ஆளை உக்கார வச்சுப் பாத்து வரைவாங்களாம், உக்காருறவனுக்குக் கூலியும் உண்டாம். எவ்வளவுன்னு விசாரிச்சு எழுது. ஒரு வேலையும் செய்யாம அசையாம உக்காருறதுல இந்தத் தாலுக்காவுல எனக்கு ஈடு கெடையாது. சந்தேகம்னா உன் பாட்டியைக் கேளு.